காரைக்காலில் ஒரு மைசூர் இலை

என் தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி காலியாக இருந்தது. இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம். பத்திரிகையின் உச்சியில் பெண் வீட்டார் பக்கம் 'ஸ்ரீ அங்காளம்மன் துணை' என்று இருந்தது. எங்கள் பக்கம் வெறும் 'துணை' மட்டும். யார் துணை என்று எங்களுக்கே தெரியாது.

பெண்ணுக்கு ஊர் ஹனூர். கொள்ளேகால் பக்கத்து ஆட்களுக்கு இந்த விஷயத்தில் சமரசமே கிடையாது. அப்பா முதலில் வழக்கம்போல 'ஸ்ரீ சாமுண்டேஸ்வரி துணை' என்று போடச் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் கல்யாணத்துக்கும் அதைத்தான் போட்டோம். ஒருவரும் கேட்கவில்லை. பெங்களூரிலிருக்கும் என் மாமியார் வீட்டிலும் அதே கதைதான் என்பதால் பிழைத்தோம். ஆனால் ஹனூர் சம்பந்தி போனில் பணிவாகச் சொன்னார்: "அது ஊருக்கெல்லாம் பொதுவான சாமிங்க. உங்க குலசாமி பேரச் சொல்லுங்க. மொதப் பத்திரிக்க அங்க வெச்சாத்தானுங்க நாம மத்தவங்களுக்குக் குடுக்க முடியும்."

என் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. 'தெரியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. யாராவது வழி கேட்டால் தெரியாத ஊருக்கும் வழி சொல்லி அனுப்பிவிடுவார். அன்றைக்கு மட்டும் "நாளைக்குச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஹோக்லி பிடிப்பா, போனாப் போகட்டும், 'ஓம்'னு போட்டுட்டுப் போகலாம்" என்றேன். அவர் பார்த்த பார்வையில் நான் அப்படியே சமையலறைக்குள் போய்விட்டேன்.

எங்களிடம் இருந்த தகவல்கள் மூன்றே மூன்று. ஒன்று, என் கொள்ளுத்தாத்தா, அதாவது அப்பாவின் தாத்தா கோவிந்தசாமி, காரைக்காலில் இருந்து ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். இரண்டு, அங்கே அவர்கள் வீட்டுக்கு 'சொல்தா வீடு' என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சொல்தா என்பார்கள். கோவிந்தசாமியின் அப்பா சைகோன் வரை போய் வந்த சொல்தாவாம். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டுப் படையலில் வடை, பாயசத்தோடு ஒரு பேக்கரி ரொட்டியும் இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. மைசூர் அசோகபுரத்தில் என் சிநேகிதிகள் என்னை 'பிரெட் சாமி வீட்டுப் பொண்ணு' என்றுதான் கிண்டல் செய்வார்கள்.

இதை வைத்துக்கொண்டு குலதெய்வத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நம்பினேன். இதைவிடக் குறைந்த தகவலை வைத்துக்கொண்டு மலிவு விலை ஹோட்டல்களைக் கண்டுபிடித்தவள் நான். கல்யாணம் வைகாசியில். பங்குனி இரண்டாம் வாரம் நான்கு நாள் விடுப்புப் போட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, தம்பிக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. ஆக அப்பாவும் நானும் மட்டும். அச்சகத்துக்காரர் கொடுத்த பத்திரிகை மாதிரித் தாளை, மேலே ஒரு வரி காலியாக இருந்த அதே தாளை, அப்பா மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டார்.

மைசூரிலிருந்து மாலையில் கிளம்பி மயிலாடுதுறை வழியாகப் போகும் ரயில் இருக்கிறது. ஸ்லீப்பர் ஒருவருக்கு நானூறு ரூபாய்க்குச் சற்று மேல். பெங்களூர், சேலம், திருச்சி எல்லாம் தூக்கத்திலேயே போய்விடும். கும்பகோணத்தில் விழித்துக் காபி குடித்தால் சரியாக இருக்கும். காலை ஏழு மணி சுமாருக்கு மயிலாடுதுறையில் இறங்கினோம். அங்கிருந்து பொறையாறு, தரங்கம்பாடி வழியாகக் காரைக்காலுக்கு நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய் வாங்கினார்கள். நடத்துனரிடம் அப்பா பழக்கதோஷத்தில் கன்னடத்தில் "எரடு காரைக்கால்" என்றார். அவர் விழித்தார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். எல்லை தாண்டியதும் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி வந்தது. சாலையோரம் மதுக்கடைப் பலகைகள் வரிசை கட்டின. "நம்ம பூர்வீகம் ஜோராத்தான் இருக்கு" என்றார் அப்பா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே சுமாரான விடுதி ஒன்றில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை எடுத்தோம். குளியலறையில் வெந்நீர் வராது. காரைக்காலில் பங்குனி மாதத்தில் வெந்நீர் கேட்பவனுக்கு மூளை சரியில்லை என்று அர்த்தம், அதனால் பாதகமில்லை.

முதல் நாள் நேராக நகராட்சி அலுவலகம். பழைய ஆட்கள் இதை இன்னும் பிரெஞ்சுப் பெயரில் மேரி என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்கள் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தேடுவதற்குப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருடம் மூன்றும் வேண்டும். வருடம் கேட்டதும் அப்பா தயங்காமல் ஒன்றைச் சொன்னார். எங்கிருந்து எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கிருந்த பெண் அலுவலர் பொறுமைசாலி. அந்த வருடத்துக்கு முன்னும் பின்னுமாகப் பார்த்துவிட்டு மூன்று கோவிந்தசாமிகளைச் சொன்னார். மூவருக்கும் மூன்று தகப்பன்கள். சொல்தாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அப்பா மூன்று பேரையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"இந்த ரெண்டாவது ஆளு நம்ம தாத்தாவாத்தான் இருக்கணும். தகப்பன் பேர் வசதியா இருக்கு" என்றார்.

"ஐயா, உங்களுக்குப் புடிச்ச கோவிந்தசாமிய எடுத்துக்கிட்டுப் போக முடியாதுங்க" என்றார் அந்த அம்மா.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். ஊருக்குள்ளிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அகலமான, சுத்தமான கடற்கரை. அரசலாறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் மீன்பிடிப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. அப்பா சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஹனூர்க்காரங்க நல்லவங்கதான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். "ஆனா நாளைக்கு மருமக வந்து, மாமா, நம்ம சாமி யாரு, எங்க போய் மொட்ட அடிக்கறதுன்னு கேட்டா, நான் எந்தப் பக்கம் கைய காட்டறது? எங்கப்பா எனக்குச் சொல்லல. நான் உங்களுக்குச் சொல்லல. இவனும் இவன் பிள்ளைக்குச் சொல்லாம போகட்டுமா?"

சுண்டலை வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன். மாங்காய் போட்ட சுண்டல், பதினைந்து ரூபாய், நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் ஜலால் பாய். சொல்தா வீடு என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார் என்று அப்பா நினைத்தார். "சொல்தா வீடு இந்த ஊர்ல தெருவுக்கு நாலு இருக்கும் சார்" என்றார் ஜலால் பாய். அப்பா முகம் விழுந்துவிட்டது. சும்மா பேச்சுக்கு நான் ரொட்டி கதையை எடுத்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு பிரெட் வைத்துக் கும்பிடும் ஒரே குடும்பம் மைசூரில் நாங்கள்தான் என்றேன்.

ஜலால் பாய் வண்டியை ஓரம் கட்டினார். "இங்க அது சகஜம்மா. பட்டாளத்துல இருந்த பெரியவங்களுக்கு அவங்க சாப்பிட்டத வெச்சுப் படைப்பாங்க. ரொட்டிய முதல் நாளே சொல்லி வெக்கணும், அமாவாசை அன்னிக்குப் போனா கிடைக்காது. யார் யார் சொல்லி வெப்பாங்கன்னு பேக்கரிக்காரருக்குத்தான் தெரியும். வாங்க, கேட்டுடலாம்."

பேக்கரிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், நெற்றி முழுக்க வியர்வை. அடுப்பிலிருந்து நீள ரொட்டிகளை எடுத்துக் கூடையில் செருகிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டார். மைசூர் என்றதும் கை நின்றது.

"மைசூரா? மாதா கோயிலுக்குப் பின்னாடி தெருவுல செல்வராசு சார் வீட்டம்மா, ஆடி அமாவாசைக்கு வருசா வருசம் ரெண்டு ரொட்டி வாங்குவாங்க. ஒண்ணு படையலுக்கு. இன்னொண்ணு எதுக்குன்னா, மைசூருக்குன்னுவாங்க. பார்சல் அனுப்பறாங்கபோலன்னு நெனச்சு, போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சிடும்மான்னு நானே சொல்லியிருக்கேன். அவங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

அப்பா என் கையைப் பிடித்தார். எங்களுக்குக் காரைக்காலில் இருந்து எந்த ரொட்டியும் வந்ததில்லை. ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம்.

ஓட்டு வீடு, பக்கத்தில் பின்னால் கட்டிய மாடி, வாசலில் நீலக் கதவு. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் அரிவாள்மனை. சரோஜா பெரியம்மாவை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

அப்பா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. அது மறந்துபோய், "நாங்க மைசூர்லருந்து வர்றோம். கோவிந்தசாமின்னு…" என்று நிறுத்திவிட்டார்.

பெரியம்மா அரிவாள்மனையைக் கீழே வைத்தார். உள்ளே திரும்பி, குரலை உயர்த்தாமலே, "என்னங்க, இங்க வாங்க. மைசூரு வந்திருக்கு" என்றார்.

செல்வராசு பெரியப்பா வந்தார். அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர் என்று பிறகு தெரிந்தது. அவருடைய தாத்தா ராமலிங்கமும் அப்பாவின் தாத்தா கோவிந்தசாமியும் உடன்பிறந்தவர்கள், சொல்தாவின் இரண்டு மகன்கள். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு. பெரிய மூக்கு என்று அம்மா இத்தனை வருடம் திட்டியது வீண் போகவில்லை.

"சின்னத் தாத்தா எப்படி…" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"தாத்தா போயி அறுபது வருஷம் ஆச்சுண்ணா. எனக்கு அப்ப பதினோரு வயசு" என்றார் அப்பா.

அவ்வளவுதான், வீடே மாறிவிட்டது. அடுப்பில் எங்களுக்காக வைத்த பாலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முதலில் எனக்குப் புரியவில்லை. பெரியம்மா சாமி மாடத்து விளக்கைக் குளிரவைத்தார். பெரியப்பா சட்டையைக் கழற்றினார். பக்கத்து வீட்டிலிருக்கும் அவர் தம்பிக்கு ஆள் போனது. அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்தவர்கள், எழுந்திருக்கச் சொன்னார்கள்.

"சாவு சேதி வந்தாச்சு. முழுகணும்" என்றார் பெரியம்மா.

பங்காளி வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும், தெரியும். அறுபது வருடம் கழித்துக் காதில் விழுந்தாலுமா? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "இன்னிக்கு இருந்தா அவருக்கு நூத்தி இருபது வயசுக்கு மேல பெரியம்மா. செத்திருப்பாருன்னு தெரியாதா?"

"தெரியாம என்ன? சேதி வரலையே" என்றார் அவர்.

பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். ஆடி அமாவாசைக்கு அந்த வீட்டில் முன்னோர்களுக்கு உள்ளறையில் இலை போடுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் பிறகு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மைசூருக்குப் போன கோவிந்தசாமியின் இலையைக் கூடத்து வரிசையில்தான் போட்டு வந்திருக்கிறார்கள். சாவு சேதி வராதவனுக்கு உள்ளே இலை போடக்கூடாது என்று அண்ணன் ராமலிங்கம் சொல்லிவிட்டுப் போனாராம். முதலில் பெரியம்மாவின் மாமியார், அப்புறம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியம்மா. வருடம் தவறியதில்லை. அந்த இலைக்கு மைசூர் எலை என்று பெயர். அதில் வைக்கத்தான் இரண்டாவது ரொட்டி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பா சேதி சொல்லி அனுப்பியிருக்கணும். ஏன் அனுப்பலன்னு தெரியல அண்ணி" என்றார்.

இதற்கு நடுவில்தான் எனக்குக் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. குலதெய்வத்தைக் கண்டுபிடித்தாயிற்று. தோணித்துறை வீரனார். அரசலாற்றங்கரையில், அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பெரியப்பா முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் தீட்டோடு கோயிலுக்குள் போக முடியாது. தீட்டு எத்தனை நாள்? மூன்று நாளா, பத்து நாளா? அச்சகத்துக்காரர் காத்திருக்கிறார். ஹனூர்க்காரர்களிடம், சாமி கிடைத்துவிட்டார் ஆனால் எங்களைப் பார்க்க மாட்டார் என்றா சொல்வது? அப்பா அந்தச் செய்தியைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே ஆத்திரம் வந்தது.

பூசாரிக்குப் போன் போட்டார்கள். அவர் பகலில் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. பெரியப்பா விஷயத்தைச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"செத்து எத்தன வருசமாச்சு?"

"அறுபது."

"வருசம் தாண்டுன சாவுக்கு ஒரு முழுக்கு போதும். முழுகிட்டு வாங்க. மூணு மணிக்கு நான் ஷிப்ட் மாத்திட்டு வந்துடறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொல்லையில் மோட்டார் போட்டார்கள். பெரியப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டுச் சித்தப்பா, சித்தி என்று ஒவ்வொருவராகப் போய்த் தலை நனைத்தார்கள். "எனக்கும் உண்டா? எனக்கு அப்பவே தெரியுமே" என்றார் அப்பா. "சேதி கொண்டாந்தவரு நீங்க. மொத வாளி உங்களுக்குத்தான்" என்றார் பெரியம்மா. பெரியப்பாவின் மகன் பிரான்சில் இருக்கிறார். அங்கே அப்போது காலை ஏழரை. அவரைக் கூப்பிட்டு, "தம்பி, மைசூர் தாத்தா இறந்துட்டாரு. குளிச்சிட்டியா? தலைக்கு ஊத்தினியா? இன்னொரு தடவ ஊத்திட்டு வேலைக்குப் போ" என்றார்கள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

முழுக்கு இல்லாதவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். "நீ கட்டிக் குடுத்த பொண்ணு. வேற வீட்டுக்காரி. உனக்கு இல்ல. பாலப் பாத்துக்க" என்று பெரியம்மா உத்தரவு போட்டார். தேடிக் கண்டுபிடித்தது நான், டிக்கெட் போட்டது நான், விடுப்பு எடுத்தது நான், ஆனால் நான் வேற வீட்டுக்காரி. வாய் வரை வந்துவிட்டது, பால் பொங்கியதால் விட்டுவிட்டேன்.

கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தேன். அப்பா ஈர வேட்டியோடு தலையைத் துவட்டாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெரியப்பா பக்கத்தில் துண்டோடு நின்றார். பிறகு அப்பா சொன்னது எனக்குக் கேட்டது: "தாத்தா போனப்ப பங்காளின்னு சொல்லிக்க ஒருத்தர் வரலண்ணா. ரயில்வே ஆளுங்கதான் தூக்கினாங்க. அவருக்குன்னு தலை முழுக ஆளே இல்லன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"இப்பத்தான் முழுகிட்டோமே" என்றார் பெரியப்பா.

ஜலால் பாய் இதெல்லாம் முடியும் வரை வாசலில் காத்திருந்தார். கோயிலுக்குப் போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் பேசினோம். கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மண்குதிரை, நடுவில் நட்ட வேல். அந்தக் காலத்தில் தோணி கட்டும் துறையாம், இப்போது கோரைப்புல்தான். பூசாரி பெட்ரோல் பங்குச் சீருடைக்கு மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சூடம் காட்டினார். அப்பா கோப்பிலிருந்து மாதிரித் தாளை எடுத்தார். காலியாக இருந்த இடத்தில் தன் பேனாவால் 'ஸ்ரீ தோணித்துறை வீரனார்' என்று எழுதினார். தொடையில் வைத்து எழுதியதில் வரி கொஞ்சம் சாய்ந்துவிட்டது. தாளை வேலின் அடியில் வைத்துவிட்டு, எழுந்திருக்கவே மனமில்லாதவர்போல உட்கார்ந்திருந்தார். நான் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் அதை ஹனூருக்கு அனுப்ப, ஐந்தே நிமிடத்தில் சம்பந்தியிடமிருந்து கும்பிடும் கைகள் பத்து வந்தன.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அமாவாசை இல்லை, பண்டிகை இல்லை, ஆனாலும் பெரியம்மா எல்லோருக்கும் கூடத்தில் இலை போட்டார். சுறாப் புட்டு, வஞ்சிரக் குழம்பு, நாங்கள் வாங்கிப் போன ரொட்டியில் ஆளுக்கு ஒரு துண்டு. குழம்பில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவது எங்கள் பரம்பரை வழக்கம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அபார ருசி, செய்து பாருங்கள். வரிசையின் கடைசியில், கொல்லைக் கதவை ஒட்டிய இடத்தில் அப்பாவை உட்கார வைத்தார். அதுதான் மைசூர் எலை போடும் இடம்.

அப்பா சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா எதிரில் வந்து நின்றார். "நாப்பது வருசமா இந்த எலைய நாந்தான் மடிச்சு எடுத்திருக்கேன். இன்னிக்கு நீங்களே மடிங்க தம்பி" என்றார். அப்பா இலையைத் தன் பக்கமாக மடித்தார். பெரியம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோர் வேண்டுமா என்று எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தார்.

அன்று மாலை ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டோம். மறுநாள்தான் அனுப்பினார்கள். ஒரு கூடை கருவாட்டோடு. ஸ்லீப்பர் பெட்டியில் எங்களோடு வந்த பயணிகளிடம் இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உங்கள் பூர்வீகத்தைத் தேடிக் கிளம்பப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதிவு அலுவலகத்துக்குப் போவதானால் தகப்பன் பெயர், வருடம் இரண்டும் இல்லாமல் போகாதீர்கள், அவர்கள் நேரமும் வீண். காலையிலேயே போய்விடுங்கள், பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும் என்பதால் நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டில் மற்ற வீடுகளில் இல்லாத பழக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகச் சாப்பாட்டில். நாம் வெட்கப்பட்டு மறைக்கிற பழக்கம்தான் அந்த ஊரில் ஆளைக் காட்டிக் கொடுக்கும். மைசூரிலிருந்து காரில் போகிறவர்கள் கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர் வழியாகப் போகலாம். காட்டுப் பாதை, பாலாறு சோதனைச் சாவடியை இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். இரண்டு பேருக்கு ரயில், பேருந்து, அறை, ஆட்டோ எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆறாயிரத்துக்குள் முடிந்தது. மாற்றுத் துணி ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று இனி சொல்ல வேண்டியதில்லை. போகும் முன் உங்கள் வீட்டில் யாருடைய சாவு சேதியாவது சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. காரைக்காலில் இருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். ஹனூர்க்காரர்கள் மூக்கைப் பார்த்தே யார் யார் பங்காளி என்று பிரித்துவிட்டார்கள்.

ஆடி பிறந்த இரண்டாவது நாள் பெரியம்மா போன் செய்தார். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அமாவாசைக்கு ரொட்டி சொல்லி வெக்கணும். மைசூரு எலை எத்தன?"

அப்பா விரல் விட்டு எண்ணினார். அவர், அம்மா, தம்பி, புது மருமகள். பிறகு என்னையும் என் வீட்டுக்காரரையும் பார்த்துத் தயங்கினார்.

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேத்துத்தானே?" என்றார் பெரியம்மா. "முழுக்குத்தான் அவளுக்கு இல்ல. சோறு உண்டு."

"அப்ப ஆறு அண்ணி." அப்பா இன்னொரு விரலை மடித்தார். "தாத்தாவுக்கு?"

"அவருக்கு இந்த வருசம் உள்ள. அவங்கப்பா, அண்ணன் பக்கத்துலயே போட்டுடறேன்."

அப்பா சரி என்று சொல்லிப் போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரயிலில் ஆறு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.